கடலுக்குள் எடுத்த போட்டோவைக் காப்பாற்றிய கதை

கேமராவின் மெமரி கார்டிலிருந்து போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது நீங்கள் 'காப்பி' கொடுப்பீர்களா, 'கட்' கொடுப்பீர்களா? எப்படிச் செய்தாலும் போட்டோ கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று நினைப்பவரா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2025 பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்து 'கட்' கொடுத்தேன். அதன் விலை என்ன என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

கார்டில் இருந்தவை நானும் என் மனைவியும் அந்தமான் போய் எடுத்த போட்டோக்கள். 'போனால் போகிறது, இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்ல முடியாத போட்டோக்கள். அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு வேண்டிய பாடம் அதற்குப் பின்னால் வருகிறது.

கால் நனைக்காத இருபது வருடம்

என் மனைவி வளர்ந்தது கடலூர் தேவனாம்பட்டினத்தில், அவள் சித்தி வீட்டில். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது அந்த வீட்டில் இருந்தவர்கள் ஓடித் தப்பித்தார்கள். வீட்டுச் சாமான்கள் எதுவும் மிஞ்சவில்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த போட்டோ ஆல்பமும் போய்விட்டது. இன்றைக்கு அவளிடம் சின்ன வயதுப் போட்டோ என்று ஒன்றுகூடக் கிடையாது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த பேரழிவில், ஆல்பம் போனதைப் பற்றிப் பேசவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

அதற்குப் பிறகு சில்வர் பீச்சுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். அவள் மணலோடு நின்றுகொள்வாள். அலையில் கால் வைக்க மாட்டாள். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். "அந்தமான் போகலாங்க. பயந்துகிட்டே சாகறதுக்கு ஒரு தடவ பாத்துரலாம்" என்றாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

சென்னையிலிருந்து தீவுக்கு

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். கப்பலிலும் போகலாம், ஆனால் மூன்று நாள் ஆகும். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை முதல் நாள் பார்த்தோம். ஏழு கிளைகளாகக் கட்டப்பட்டதில் இன்று மூன்றுதான் மிச்சம்.

மறுநாள் காலை படகில் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். சுமார் இரண்டு மணி நேரப் பயணம். இந்தத் தீவுக்கும் 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

அங்கே மொழி தெரியாமல் திண்டாடுவோமோ என்ற பயம் வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிகோபாரில் வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் மொழி தமிழ்தான். கடை, ஆட்டோ, ஹோட்டல் என்று எங்கே போனாலும் தமிழ் காதில் விழுகிறது. இன்னொரு விஷயம்: நம்மைவிட வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதே. அதனால் சூரியன் சீக்கிரம் எழுந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. ஊர் சுற்ற நினைப்பவர்கள் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவது நல்லது.

முகமூடி, குழாய், ஒரு ஸ்பூன் தைரியம்

ஸ்நார்க்கலிங் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி. வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய். நீரின் மேல் குப்புறப் படுத்து, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்து, குழாய் வழியே மூச்சு விட்டுக்கொண்டே கீழே வேடிக்கை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவர்களுக்கு லைப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார்.

குழாய் ஏன் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருப்பதில்லை என்று எனக்குச் சந்தேகம். அதற்குக் காரணம் உண்டு. ஆழம் போகப் போக நீரின் அழுத்தம் நெஞ்சை அமுக்கும். மேலே இருக்கும் காற்றை இழுக்க முடியாது. குழாய் நீண்டால் நாம் விட்ட மூச்சையே மறுபடி இழுக்க வேண்டியும் வரும். எனவே நீளக் குழாய் வைத்து ஆழத்தில் நீந்துவது சினிமாவோடு சரி.

நம் கடலூர்க் கரையில் இது நடக்காது. கெடிலமும் தென்பெண்ணையும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலில் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அலையும் அதிகம். பவளப்பாறை வளரத் தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீர் வேண்டும். தமிழ்நாட்டிலேயே அது வேண்டுமென்றால் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாதான்.

நாங்கள் போனது எலிபெண்ட் பீச். தீவின் படகுத் துறையிலிருந்து சிறு படகில் சுமார் அரை மணி நேரம். வழிகாட்டி இளைஞர் அங்கேயே பிறந்தவர். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கமாம். முகமூடிக் கண்ணாடியில் எச்சில் தொட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னார். அப்படிச் செய்தால் கண்ணாடியில் ஆவி படியாது. என் மனைவி முகம் சுளித்தாள்.

"அக்கா, இது உங்க எச்சில்தானே, பரவால்ல!" என்றார்.

இடுப்பளவு தண்ணீர் வரை வந்தவள் நின்றுவிட்டாள். கை நடுங்கியது. நான் வற்புறுத்தவில்லை. வழிகாட்டியும் அவசரப்படவில்லை. "நின்ன இடத்துலயே மூஞ்சிய மட்டும் உள்ள வச்சுப் பாருங்கக்கா. புடிக்கலன்னா கரைக்குப் போயிரலாம்" என்றார். ஐந்து நிமிடம் கழித்து அவள் முகத்தை உள்ளே வைத்தாள். பத்து விநாடியில் நிமிர்ந்தாள். மறுபடி வைத்தாள். மூன்றாவது முறை நிமிரவே இல்லை.

கீழே கடல் சாமந்திக்குள் கோமாளி மீன்கள், பாறையைக் கொறிக்கும் கிளி மீன்கள், மணலில் அசையாமல் கிடக்கும் கடல் அட்டைகள். முகமூடிக்குள்ளிருந்து பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரியதாகத் தெரியும். நீரில் ஒளி வளைவதால் வரும் மயக்கம் இது. என் மனைவி வெளியே வந்து சொன்ன ஒரு சாண் மீன் உண்மையில் முக்கால் சாண்தான்!

பவளம் எல்லா இடத்திலும் வண்ணமாக இல்லை. 2010-ல் கடல் நீர் சூடானபோது அந்தமானில் பெருமளவு பவளம் வெளிறிப்போனது. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடப்பவற்றையும் பார்த்தோம். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, தொடக் கூடாது, கரையில் கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நான் ஒரு சின்ன வாட்டர்புரூப் கேமரா கொண்டு போயிருந்தேன். என் மனைவி தண்ணீருக்குள் முகம் வைத்து, முகமூடிக்குள் கண் இரண்டும் விரிய, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். கிளிக் செய்தேன். அவள் கடலைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கும் ஒரே போட்டோ அது.

அன்று மாலை ராதாநகர் கடற்கரை. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம். வெண்மணல், பின்னால் ஓங்கிய காடு, எதிரே சூரியன் மறையும் கடல். முழங்கால் தண்ணீரில் நின்றபடி என் மனைவி தானாகவே சொன்னாள்: "ஊருக்குப் போனதும் இந்தப் போட்டோவ சித்திக்குக் காட்டணுங்க."

செய்யாமல் விட்ட வேலை

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அந்தமானில் இன்டர்நெட் என்றால் சாட்டிலைட் வழியாகத்தான்; ஆமை வேகம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட பைபர் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த இணைப்பு ஸ்வராஜ் தீவையும் தொடுகிறது. நாங்கள் தங்கிய அறையில் வை-பை நன்றாகவே இருந்தது. ராத்திரி மகளுடன் வீடியோவில் பேசினோம். அன்றைய போட்டோக்களை அப்போதே ஆன்லைனில் ஏற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன்.

'பார்மட்' கேட்ட கம்ப்யூட்டர்

வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டு, கம்ப்யூட்டரில் செருகினேன். மொத்தம் 430 போட்டோ, சில வீடியோக்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 6 ஜிபி. அனைத்தையும் செலக்ட் செய்து 'கட்' கொடுத்து, ஹார்ட் டிஸ்கில் ஒரு போல்டர் திறந்து 'பேஸ்ட்' கொடுத்தேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதி போவதற்குள் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் இல்லை, 'அடுத்த மாதம் வாங்கலாம்' என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் பார்த்தால், செல்லுலார் சிறை வரைக்குமான 118 போட்டோக்கள் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தன. தீவுப் போட்டோ ஒன்றுகூட இல்லை. கார்டைத் திறந்தால், 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று ஒரு கட்டம் வந்தது. கம்ப்யூட்டரே கேட்கிறதே, சரி செய்துவிடும் போலிருக்கிறது என்று 'பார்மட்' கொடுத்தேன். சில விநாடிகளில் வேலை முடிந்தது. கார்டைத் திறந்தேன். சுத்தமாகக் காலி.

சமையலறையிலிருந்து வந்து பார்த்த என் மனைவி என்னைத் திட்டவில்லை. "அதுவும் போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அழித்தது உண்மையில் அழிவதில்லை

அந்த ராத்திரி ஒரே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன். கார்டை வெளியே எடுத்து, உறையில் போட்டு, யாரும் தொடக் கூடாது என்று பூட்டி வைத்தேன். ஏன் அது சரி என்று இப்போது சொல்கிறேன்.

மெமரி கார்டை ஒரு நூலகமாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் ஒரு பைலை டெலிட் செய்யும்போதோ, 'குவிக் பார்மட்' செய்யும்போதோ, கம்ப்யூட்டர் பட்டியலைத்தான் அழிக்கிறது. புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இல்லாத இடம் 'காலி இடம்' என்று கணக்காகிவிடும். புதிதாக ஒரு போட்டோ எடுத்தால், அது பழைய போட்டோவின் மேலேயே போய் உட்கார்ந்துவிடலாம். அப்படி உட்கார்ந்துவிட்டால் பழையது போனது போனதுதான். அதனால்தான் போட்டோ தொலைந்த கார்டில் அதற்கு மேல் எதையும் பதியக் கூடாது. 'குவிக்' இல்லாத முழு பார்மட் செய்துவிட்டால் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். நல்லவேளை, விண்டோஸ் அந்தக் கட்டத்தில் 'குவிக்' என்பதைத் தானாகவே டிக் செய்து வைத்திருந்தது.

மீட்ட விதம்

விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவர் போனில் சொன்ன பெயர் 'போட்டோரெக்'. கிறிஸ்டோப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி, இலவசமாகவே வழங்கும் சாப்ட்வேர் இது. 'டெஸ்ட்டிஸ்க்' என்ற சாப்ட்வேருடன் ஒரே தொகுப்பாக வருகிறது. பெயரில் போட்டோ இருந்தாலும் வீடியோ, டாகுமெண்ட் போன்றவற்றையும் மீட்கும். நான் செய்தது இதுதான்:

1. தொகுப்பை டவுன்லோட் செய்து, ஜிப் பைலை விரித்தேன். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. உள்ளே 'க்யூபோட்டோரெக்' என்று இருப்பது மவுஸால் இயக்கக்கூடியது. புதியவர்களுக்கு அதுவே நல்லது.

2. மேலே உள்ள பட்டியலில் என் மெமரி கார்டைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே கவனம் தேவை. அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 32 ஜிபி கார்டு என்றால் சற்றுக் குறைவாகக் காட்டும்.

3. பைல் சிஸ்டம் வகையில் 'பேட், என்டிஎப்எஸ்' என்று தொடங்கும் பிரிவைக் கொடுத்தேன். கேமரா கார்டுகளுக்கு இதுதான்.

4. 'பைல் பார்மட்ஸ்' பட்டனில் ஜேபெக், வீடியோ வகைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் டிக்கை எடுத்தேன்.

5. மீட்கும் பைல்கள் போய்ச் சேர வேண்டிய இடமாக ஹார்ட் டிஸ்கில் ஒரு புதிய போல்டரைக் காட்டினேன். எக்காரணம் கொண்டும் அதே கார்டைக் காட்டாதீர்கள். மீட்ட பைலே மீட்க வேண்டிய பைலை அழித்துவிடும்.

6. 'சர்ச்' கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பட்டியலே இல்லாமல் இது எப்படித் தேடுகிறது? ஜேபெக் பைல்கள் எல்லாமே ஒரே மாதிரியான சில பைட்டுகளில்தான் தொடங்கும். கார்டை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், அந்தத் தொடக்கம் எங்கே தெரிகிறதோ அங்கிருந்து ஒரு போட்டோ என்று இது பிரித்து எடுக்கிறது. அதனால் பைலின் பழைய பெயர் கிடைக்காது. எண்களால் ஆன புதுப் பெயர்தான் இருக்கும். கவலை வேண்டாம். போட்டோ எடுத்த தேதியும் நேரமும் போட்டோவுக்கு உள்ளேயே பதிந்திருக்கும். போல்டரில் 'டேட் டேக்கன்' முறையில் வரிசைப்படுத்தினால் எல்லாம் ஒழுங்காக நிற்கும்.

முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் வந்தவை நான் எப்போதோ அழித்த பழைய போட்டோக்கள்! பேரனின் காதுகுத்து, யாரோ வீட்டு வாசல், என் கட்டை விரல். பிறகு படகு வந்தது. கடற்கரை வந்தது. என் மனைவியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணாகப் பெயர் கொண்ட ஒரு பைலைத் திறந்தபோது, நீலப் பச்சைத் தண்ணீருக்குள் முகமூடிக்குப் பின்னால் விரிந்த இரண்டு கண்ணும் ஒரு கட்டை விரலும் தெரிந்தன.

வராமல் போன 312 போட்டோக்களில் 289 திரும்பக் கிடைத்தன. ராதாநகர் சூரிய அஸ்தமனம் மட்டும் பாதி படம், பாதி சாம்பல் நிறமாக வந்தது; அந்தப் பகுதிகள் கெட்டுப்போயிருந்தன. நான் வருத்தப்பட்டேன். என் மனைவி, "சூரியன் நாளைக்கும்தாங்க மறையும். இது போதும்" என்றாள்.

நீலத்தை எடுத்த விதம்

கடலுக்குள் எடுத்த போட்டோ ஏன் ஒரே நீலப் பச்சையாக இருக்கிறது? சூரிய ஒளியில் சிவப்பு நிறத்தைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. சில மீட்டர் தூரத்திலேயே சிவப்பு மங்கிவிடும். என் மனைவியின் ஆரஞ்சு லைப் ஜாக்கெட்கூடப் பழுப்பாகத் தெரிந்தது.

விண்டோஸ் 11-ல் உள்ள 'போட்டோஸ்' புரோகிராமில் படத்தைத் திறந்து 'எடிட்' கொடுங்கள். நிறம் மாற்றும் பகுதியில் 'வார்ம்த்' என்ற கோட்டை வெதுவெதுப்பான பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். அடுத்து 'டின்ட்' கோட்டைச் சற்று நகர்த்தினால் பச்சை குறையும். முகத்தின் நிறம் இயல்பாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். சேமிக்கும்போது 'சேவ் ஆஸ் காப்பி' கொடுங்கள். அசல் அப்படியே இருக்கட்டும். இன்னும் நன்றாகச் செய்ய விரும்புகிறவர்கள் 'கிம்ப்' என்ற இலவச சாப்ட்வேரில் 'கலர்ஸ்' மெனுவில் 'ஆட்டோ', அதில் 'ஒயிட் பேலன்ஸ்' கொடுத்துப் பார்க்கலாம். ஒரே கிளிக்கில் வித்தியாசம் தெரியும்.

மறக்காமல் செய்ய வேண்டியவை

* கார்டிலிருந்து மாற்றும்போது எப்போதும் 'காப்பி' மட்டும். எல்லாம் வந்துவிட்டதா என்று திறந்து பார்த்த பிறகே கார்டில் உள்ளதை அழியுங்கள்.

* 'பார்மட் செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். அது அனுமதி கேட்கிறதே தவிர ஆலோசனை சொல்லவில்லை.

* கார்டையோ பென் டிரைவையோ எடுக்குமுன் 'எஜெக்ட்' கொடுங்கள்.

* டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

* முக்கியமான போட்டோக்களுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகை சாதனங்கள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஆன்லைனில் இருக்கலாம், மகள் வீட்டில் இருக்கலாம். வெள்ளமோ தீயோ வந்தால் ஒரே வீட்டில் உள்ள மூன்று பிரதிகளும் ஒன்றாகவே போகும்.

* போன் 'ஐபி68' என்று சொன்னாலும் கடலுக்குள் கொண்டு போகாதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீருக்குப் பொருந்தாது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு போனால், தண்ணீருக்குள் டச் ஸ்கிரீன் சரியாக வேலை செய்யாது. வால்யூம் பட்டனால் கிளிக் செய்யுங்கள்.

இப்போது அந்தப் போட்டோ கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று என்று இருக்கிறது. நான்காவதாகப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, கடலூருக்கு எடுத்துப்போனோம். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "யாருடி இது, மூஞ்சே தெரியல?" என்று கேட்டார். என் மனைவி, "நான்தான் சித்தி, கடலுக்குள்ள" என்றாள்.

அன்று சாயங்காலம் சில்வர் பீச்சில் அலை வந்து காலைத் தொட்டபோது அவள் பின்வாங்கவில்லை. நான் போனில் அதையும் ஒரு போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காப்பி கொடுத்தேன். ஆமாம், 'காப்பி'தான்!